ஆர்.சி மாடலுக்கு பேட்டரி பேக் நாமே கட்டுவது: செல் பொறுக்குவதில் இருந்து முதல் சார்ஜ் வரை

ஆர்.சி, அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓடும் மாடல் காருக்கோ படகுக்கோ ரெடிமேட் பேக் தாராளமாகக் கிடைக்கிறது, வாங்கி மாட்டிவிட்டு ஓட்டப் போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் ஆறு செல்லில் ஒன்று போனதற்காக முழு பேக்கையும் தூக்கிப் போட மனசு வராதவர்கள், மாடலுக்குள் இருக்கும் கோணல்மாணலான இடத்துக்குப் பொருந்துகிற வடிவம் தேடுபவர்கள், உள்ளே என்ன செல் இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டப் பிடிக்காதவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும். இங்கே விவரமாகச் சொல்வது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களைப் பற்றி, சுருக்கமாக என்ஐஎம்எச். லித்தியத்துக்கு விதிகள் வேறு, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். செல் கெடுகிறதா இல்லையா என்பது அயர்ன் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைவிட, எவ்வளவு நேரம் செல்லின் மேல் இருந்தது என்பதைப் பொறுத்தது. 400 டிகிரியில் இருக்கும் தடித்த டிப்பை (அயர்னின் நுனியை) இரண்டு வினாடி வைத்து எடுத்தால் செல்லின் உள்ளே சூடு போவதற்குள் வேலை முடிந்துவிடும். சின்ன அயர்னை வைத்து ஈயம் (சால்டர்) உருகட்டும் என்று பதினைந்து வினாடி அழுத்திக்கொண்டே இருந்தால், மேலே ஈயம் சரியாகப் பிடிக்காது, உள்ளே செல் வெந்துவிடும். மற்ற எல்லாத் தயாரிப்பும், தேய்ப்பது, துடைப்பது, ஈயம் பூசி வைப்பது எல்லாமே அந்த இரண்டு வினாடிக்காகத்தான்.

செல் பொறுக்குவது

கார், படகுக்கு வழக்கமாகப் போடுவது சப்-சி அளவு, ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் விட்டம், 43 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல் 1.2 வோல்ட், ஆறு சேர்த்தால் 7.2. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கொள்ளளவு, முடிந்தால் ஒரே பெட்டியில் இருந்து வந்த செல்களாக எடுங்கள். புதுசும் பழசும் கலக்காதீர்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வரிசையாகக் கோர்த்த செல்களில் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட்தான் ஓடும். அதில் ஒரு செல் 2700, மற்றவை 3000 மில்லி ஆம்பியர் மணி என்று வையுங்கள், 2700 காலியான பிறகும் மற்ற ஐந்தும் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், காலியான செல்லுக்குள் அது தலைகீழாக ஏறி பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிப்போகும். சில தடவை இப்படி நடந்தால் போதும், அந்த செல் தேறாது. அதனால் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக ஒரே கரண்டில் சார்ஜ் செய்து, ஒரே கரண்டில் டிஸ்சார்ஜ் செய்து, எத்தனை மில்லி ஆம்பியர் மணி வந்தது என்று செல்லின் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள். ஒன்றுக்கொன்று ஓரிரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் அருமை, ஐந்தைத் தாண்டினால் அந்த செல்லை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள். உங்கள் சார்ஜர் உள் எதிர்ப்பையும் காட்டும் என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடும் காருக்கு லேபிளில் போட்டிருக்கும் பெரிய எண்ணைவிட உள் எதிர்ப்பு குறைவாக இருப்பதுதான் முக்கியம். 5000 என்று எழுதியிருக்கும் செல் லோடு ஏறியதும் படுத்துவிட்டால் அந்த 5000 எதற்கு?

கடையில் தகடு வைத்த செல், தகடு இல்லாத செல் என்று இரண்டு விதமாகக் கிடைக்கும். செல்லின் முனையில் ஏற்கெனவே ஒரு தகடு வெல்டு செய்து வந்திருந்தால் அதன்மேல் சால்டர் செய்வது சுலபம், செல்லுக்குச் சூடும் குறைவாகவே போகும். ஆனால் அந்த மெல்லிய தகடு 30, 40 ஆம்பியர் இழுக்கும் காருக்குப் போதாது. ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) பேக்குக்குத் தகடு, மோட்டார் பேக்குக்கு நேரடி சால்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அயர்ன், ஈயம், மற்ற சாமான்கள்

சர்க்யூட் போர்டு வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் பென்சில் அயர்ன் இதற்கு ஆகாது. சப்-சி செல்லின் இரும்புக் கூடு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், கூரான டிப்பை அதன்மேல் வைப்பது அகல் விளக்கை வைத்து அண்டா தண்ணீரைக் காய்ச்சுவது மாதிரி. குறைந்தது 80 வாட், 100 இருந்தால் இன்னும் நிம்மதி, டிப் தடித்த உளி வடிவத்தில் இருக்க வேண்டும். வெப்பநிலையை மாற்றக்கூடிய ஸ்டேஷன் என்றால் 380 முதல் 420 டிகிரி வரை வையுங்கள். ஸ்டேஷன் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், டிப்பில் செப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அது சேமித்து வைக்கும் சூடு.

ஈயம் 63/37 அல்லது 60/40 (வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும் சதவீதம்), உள்ளே ரோசின் என்ற பிசின் இருப்பது. 63/37 சரியாக 183 டிகிரியில் ஒரே அடியாக உருகி ஒரே அடியாக உறையும், அதனால் உறையும்போது கை லேசாக ஆடினாலும் ஜாயின்ட் கெடும் வாய்ப்பு குறைவு. காரீயம் கலக்காத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். முடியாது என்றில்லை, ஆனால் முதல் பேக்குக்கு அது வேண்டாம். ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்டுவதற்குத் தடவும் பொருள்) தனியாகக் கொஞ்சம் வாங்குங்கள், அதுவும் ரோசின் வகைதான். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃபிளக்ஸ் பிரமாதமாக ஒட்டும், ஆனால் அதன் மிச்சம் செல் முனையை நாளாக நாளாக அரித்துவிடும்.

செல்களை இணைக்க செப்புப் பட்டை அல்லது பின்னிய செப்பு நாடா, 12 அல்லது 14 கேஜ் சிலிகான் வயர், கனெக்டர், ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை), உப்புத்தாள், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், மல்டிமீட்டர். செல்லின் பாசிட்டிவ் முனைக்கு ஓட்டை போட்ட ஃபைபர் வளையம் கிடைக்கும், அதைக் கட்டாயம் வாங்குங்கள். செல்லின் கூடு முழுக்க நெகட்டிவ், பாசிட்டிவ் பட்டனைச் சுற்றி இருக்கும் விளிம்பு உட்பட. அந்த விளிம்பையும் செப்புப் பட்டையையும் பிரித்து வைத்திருப்பது மேலே சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும்தான். அயர்ன் பட்டு உறை உருகினாலோ அதிர்வில் தேய்ந்தாலோ நேராக ஷார்ட். வளையம் ரொம்ப மலிவான சாமான், அதை விட்டுவிட்டு பேக் கட்டுவதில் அர்த்தமே இல்லை.

செல்லுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். கடையில் இருந்து வரும்போதே கொஞ்சம் சார்ஜோடுதான் வரும். மோதிரம், வளையல், உலோகப் பட்டை வைத்த வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு உட்காருங்கள், மேசையில் மரப் பலகையோ தடித்த அட்டையோ போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கையில் ஒட்டியிருப்பது காரீயம்.

முனைகளுக்கு ஈயம் பூசுவது

செல்லின் முனை பளபளவென்று இருக்கிறதே என்று அப்படியே ஈயம் வைத்தால் உருண்டு ஓடும். உப்புத்தாளால் இரண்டு முனையையும் தேய்த்து பளபளப்பு போய் மங்கலாக ஆக்குங்கள், பிறகு ஆல்கஹாலில் துடையுங்கள், அதற்கப்புறம் விரல் படக் கூடாது. ஒரு பொட்டு ஃபிளக்ஸ் தடவுங்கள்.

இப்போது டிப்பைத் துடைத்து அதன் நுனியில் கொஞ்சம் ஈயம் ஏற்றிக்கொள்ளுங்கள். காய்ந்த டிப் சூட்டைக் கடத்தாது, உருகிய ஈயம்தான் டிப்புக்கும் செல்லுக்கும் நடுவே பாலம். டிப்பின் தட்டையான பக்கத்தை செல்லின் முனையில் நன்றாகப் படிய வைத்து, உடனே ஈயக் கம்பியை டிப்பும் செல்லும் சேரும் இடத்தில் கொடுங்கள். ஈயம் பரவியதும் எடுத்துவிடுங்கள். மொத்தம் இரண்டிலிருந்து மூன்று வினாடி. ஐந்து வினாடி ஆகியும் பரவவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் எடுங்கள், செல் முழுக்க ஆறட்டும், எங்கே குறை என்று பாருங்கள்: டிப் சின்னதா, தேய்த்தது போதவில்லையா, டிப் கறுத்துக் கிடக்கிறதா. அதே இடத்தில் மறுபடி மறுபடி சூடு வைப்பதுதான் செல்லுக்கு ஆபத்து. முக்கியமாக பாசிட்டிவ் பக்கம், அங்கேதான் அழுத்தம் வெளியேறும் வால்வும் கூட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் சீலும் இருக்கின்றன. சீல் இளகிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில மாதம் கழித்து பட்டனைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெளிக் காற்றோடு சேர்ந்து ஆன பொடி அது.

ஒரு செல்லுக்கு ஒரு முனை பூசி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த செல்லுக்குப் போங்கள். ஆறையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்து மறு முனையைப் பூசுவதற்குள் முதல் செல் ஆறியிருக்கும். ஆற வைக்கத் தண்ணீர் தொட வேண்டாம், ஊதவும் வேண்டாம், சும்மா விடுங்கள். நல்ல பூச்சு தட்டையாக, ஓரம் மெலிந்து, செல்லோடு கலந்து இருக்கும். ஓரம் உருண்டையாகத் தூக்கி நின்றால் அது ஒட்டியிருக்கவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது, நகத்தால் தள்ளினாலே சில சமயம் வந்துவிடும். செத்துப் போன பழைய செல் நாலைந்து கையில் இருந்தால் முதலில் அதில் பழகிக்கொள்ளுங்கள்.

அடுக்கிக் கோர்ப்பது

பக்கம் பக்கமாக அடுக்கும் முறையைத்தான் முதல் பேக்குக்குச் சொல்வேன். ஒரு செல் தலை மேலே, அடுத்தது தலை கீழே, இப்படி மாற்றி மாற்றி ஆறு. ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் படம் வரைந்து எந்தப் பட்டை எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு நேரான மரச் சட்டங்களை எல் வடிவத்தில் ஆணியடித்து அந்த மூலையில் செல்களை அணைத்து வைத்தால் வரிசை கோணாது. நடுவில் ஹாட் குளூ போதும். சிலிகான் பசை போடுவதென்றால் வினிகர் வாடை அடிக்கிற வகை வேண்டாம், அது ஆறும்போது வெளிவிடும் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

பாசிட்டிவ் முனைகளில் ஃபைபர் வளையத்தை ஒட்டுங்கள். செப்புப் பட்டைகளின் இரண்டு நுனிக்கும் அடிப்பக்கத்தில் முன்கூட்டியே ஈயம் பூசி வையுங்கள். பிறகு பட்டையைச் செல்களின் மேல் வைத்து, டிப்பில் கொஞ்சம் ஈயத்தோடு பட்டையின் மேல் அழுத்துங்கள். கீழே இருக்கும் ஈயம் உருகியதும் பட்டை மெல்ல இறங்குவது கைக்கே தெரியும். அந்த நொடியில் ஒரு மரக் குச்சியால் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அயர்னை எடுங்கள், ஈயம் உறையும் வரை குச்சி அசையக் கூடாது. பின்னிய நாடா என்றால் ஈயம் திரி மாதிரி உறிஞ்சிக்கொண்டு நடுப்பகுதி வரை ஓடி முழு நாடாவையும் கம்பியாக்கிவிடும். நடுவில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படி இருந்தால்தான் கார் குதித்து விழும்போது ஜாயின்ட் தாங்கும், எனவே ஈயத்தை அளந்து கொடுங்கள்.

ஒவ்வொரு பட்டை முடிந்ததும் மல்டிமீட்டரை எடுத்துப் பாருங்கள். முதல் செல் சுமார் 1.25, இரண்டு சேர்ந்தால் 2.5, மூன்றுக்கு 3.75 என்று ஏறிக்கொண்டே வர வேண்டும். எங்காவது ஏறாமல் இறங்கினால் ஒரு செல் திரும்பியிருக்கிறது, அடுத்த பட்டையை வைப்பதற்கு முன்பே பிடித்துவிடலாம். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

செல்லின் தலையையும் வாலையும் நேராக முட்ட வைத்து, பட்டையே இல்லாமல் நீளக் குச்சியாக சால்டர் செய்யும் முறையும் உண்டு. சுத்தி வடிவ டிப் ஒன்றை இரண்டு செல்லுக்கும் நடுவில் வைத்து இரண்டு முகத்தையும் ஒரே நேரத்தில் உருக்கி, டிப்பைச் சட்டென்று உருவிவிட்டு செல்களை முட்டித் தள்ள வேண்டும். எதிர்ப்பு மிகக் குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் நேராக வர கை பழக வேண்டும், தவறாகப் போனால் பிரிப்பதும் கஷ்டம். இரண்டாவது மூன்றாவது பேக்கில் முயற்சி செய்யுங்கள்.

வயரும் கனெக்டரும்

வயரைச் செல்லில் வைக்கும் முறையும் பட்டை மாதிரியேதான். வயர் நுனிக்கு முன்பே ஈயம் ஏற்றி, செல்லின் மேல் வைத்து, மேலிருந்து அழுத்தம். முதலில் நெகட்டிவ், முடித்ததும் அதன் மறு நுனியை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிட்டு அப்புறம் பாசிட்டிவ். இரண்டு வெற்று நுனி ஒரே நேரத்தில் மேசையில் கிடக்கவே கூடாது. பழைய கனெக்டரை வெட்டும்போதும் இதே விதிதான், இரண்டு வயரையும் சேர்த்து வெட்டினால் கட்டரின் வாய்தான் ஷார்ட்.

கனெக்டரில் பேக் பக்கம் வருவது பெண் வகை, அதாவது உலோகம் வெளியே நீட்டாமல் உள்ளே ஒளிந்திருப்பது. எக்ஸ்டி60 மாதிரி பிளாஸ்டிக் உடம்பு உள்ளதை சால்டர் செய்யும்போது அதன் ஜோடியைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் இளகினாலும் பின் கோணாது. அந்த ஜோடியில் வேறு எந்த வயரும் இல்லாமல் இருக்கட்டும். ஹீட் ஷ்ரிங்க் துண்டை வயரில் முன்கூட்டியே கோர்த்து, சூடு படாத தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். இதை மறக்காத ஆள் கிடையாது.

ஜாயின்ட் நன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம், அளந்தே பார்க்கலாம். பேக்கில் தெரிந்த ஒரு லோடை மாட்டி, உதாரணமாக 10 ஆம்பியர் இழுக்க விட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு ஜாயின்டுக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், ஒன்று மட்டும் 50 மில்லிவோல்ட் காட்டினால் அங்கே 5 மில்லி ஓம் உட்கார்ந்திருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு மீட்டர் 12 கேஜ் வயரின் எதிர்ப்பு. 30 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே ஒரு ஜாயின்டில் 0.15 வோல்ட் போய்விடும், 4.5 வாட் சூடாகும், அந்தச் சூடு நேராகச் செல்லுக்குள்தான் இறங்கும்.

எல்லாம் சரி என்றால் உறை. பக்கம் பக்கமாக அடுக்கிய ஆறு சப்-சிக்கு, தட்டையாக வைத்தால் 70 முதல் 75 மில்லிமீட்டர் அகலம் வரும் பிவிசி ஷ்ரிங்க் பொருந்தும். ஹாட் ஏர் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள். வயர் வெளியே வரும் இடத்தில் கொஞ்சம் ஹாட் குளூ வைத்துப் பிடித்துவிடுங்கள், ஏனென்றால் ஈயம் உறிஞ்சிய வயர் எங்கே முடிந்து வளையும் வயர் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதான் பின்னால் ஒடியும். பெட்ரோல் இன்ஜின் வைத்த விமானத்தின் ரிசீவர் பேக்கில் இது இன்னும் முக்கியம், அதிர்வு நிற்காது. அதே காரணத்தால் விமானத்தில் ஸ்பிரிங் வைத்த செல் ஹோல்டர் போடவே வேண்டாம், தகடு வைத்த நாலு அல்லது ஐந்து ஏஏ செல்லை சால்டர் செய்து இறுக்கமாகக் கட்டுங்கள். ஐந்து செல் பேக் பெயருக்கு 6 வோல்ட், சார்ஜரில் இருந்து எடுத்தவுடன் 7 வோல்ட்டைத் தொடும். சர்வோ (விமானத்தின் இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் சின்ன மோட்டார்) அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

முதல் சார்ஜ்

புது பேக்கை உடனே வேகமாக சார்ஜ் செய்யாதீர்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட், அதாவது 3000 பேக்குக்கு 300 மில்லி ஆம்பியர், 14 முதல் 16 மணி நேரம். முன்னே நிறைந்த செல் அந்தக் குறைந்த கரண்டைச் சூடாக மாற்றிக்கொண்டு பொறுமையாக இருக்கும், பின்தங்கிய செல் அதற்குள் எட்டிப் பிடித்துவிடும், ஆறும் ஒரே நிலைக்கு வரும். அதன்பிறகு 1 சி, அதாவது 3 ஆம்பியரில், டெல்டா பீக், அதாவது செல் நிறைந்ததும் வோல்டேஜ் லேசாக இறங்குவதைக் கண்டுபிடித்து நிறுத்தும் சார்ஜரில் ஏற்றலாம். அந்த இறக்கத்தின் அளவை ஒரு செல்லுக்கு 5 மில்லிவோல்ட் என்று வையுங்கள். முடிவில் பேக் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு, கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு சார்ஜர் செட்டிங்கைப் பாருங்கள். ஓட்டும்போது ஒரு செல்லுக்கு 0.9 வோல்ட், ஆறு செல்லுக்கு 5.4 வோல்ட், அதற்குக் கீழே இறக்க வேண்டாம்.

லித்தியம் என்றால்

18650 மாதிரி உருளை லித்தியம் செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் அயர்ன் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன் தடுப்பு சுமார் 130 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், எலக்ட்ரோலைட் தீப்பிடிக்கிற சாமான். அதற்கு ஸ்பாட் வெல்டரும் நிக்கல் பட்டையும் தேவை. பட்டைக்கு வயரை முன்பே தனியாக சால்டர் செய்துவிட்டு, அப்புறம் பட்டையைச் செல்லில் வெல்டு செய்ய வேண்டும். நிக்கல் பட்டை என்று விற்பதில் பல நிக்கல் முலாம் பூசிய இரும்பு, எதிர்ப்பு அதிகம். ஒரு துண்டை உப்புத்தாளால் தேய்த்து உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போடுங்கள், துருப் பிடித்தால் இரும்பு.

பேலன்ஸ் வயரை (ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாகக் கவனிக்க உதவும் மெல்லிய வயர்கள்) வரிசையாக வையுங்கள், பேக்கின் நெகட்டிவில் தொடங்கி ஒவ்வொரு செல்லின் பாசிட்டிவாக. சார்ஜரில் செருகுவதற்கு முன் அடுத்தடுத்த பின்களுக்கு நடுவில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் தனித்தனியாக வருகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில் இருந்து உருவிய செல்கள் குறைந்த கரண்டுக்குச் செய்தவை, டிரான்ஸ்மிட்டருக்கு (கையில் பிடிக்கும் ரிமோட்டுக்கு) ஆகும், மோட்டாருக்கு ஆகாது. தட்டையான லைப்போ (லித்தியம் பாலிமர்) பை செல்களைப் பிரித்துக் கட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதன் பாசிட்டிவ் தகடு அலுமினியம், சாதாரண ஈயம் பிடிக்காது, பையில் ஒரு கீறல் விழுந்தால் தீ வரை போகும். லைப்போவில் கனெக்டர் மாற்றுவதோடு நில்லுங்கள், உப்பிய பேக்கை அதற்கும் தொடாதீர்கள்.

திரும்ப நிக்கலுக்கு வந்தால், நாம் கட்டிய பேக்கின் சௌகரியம் ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். பேக் பலவீனமானால் ஓட்டி முடித்த சூட்டோடு உறையைக் கிழித்து ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருக்கும். அந்த இடத்தில் புத்தம் புது செல் போடாமல், வேறு ஒரு பழைய பேக்கில் இருந்து எடுத்த, கொள்ளளவு ஏறக்குறைய ஒத்துப்போகிற செல்லைப் போடுங்கள். இதற்காகவே பிரித்த பேக்குகளின் நல்ல செல்களை அளந்து, எண்ணும் தேதியும் எழுதி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நல்லது.